கடற்கரையிலிருந்து ஜாஸ் மேடைக்கு: மன்னாரை முன்வைத்து ஒரு கேள்வி

1. கேள்வி

ஜாஸ் கலைஞர்களைப் பற்றிய குறிப்புகளில் பிறந்த ஊர் தவறாமல் இடம்பெறும். ஹுஸ்தோ அல்மாரியோ, சாக்சபோன், பிறப்பு 1949, கொலம்பியாவின் சின்செலெஹோ. எட்மார் காஸ்தன்யேதா, ஹார்ப், பிறப்பு 1978, பொகோட்டா. யொலாண்ட் பவன், பாட்டு, பிறப்பு கொழும்பு. ஊர்ப் பெயர் கிடைத்ததும் விமர்சகர்கள் பலர் அதிலேயே விளக்கத்தையும் கண்டுவிடுகிறார்கள். கரீபியக் கரையில் பிறந்தவருக்குத் தாளம் ரத்தத்திலேயே ஊறியது என்பார்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர் என்றால் 'கீழைத்தேய ஆன்மா' என்று எழுதிவிடுவார்கள்.

ரத்தமும் கடற்காற்றும் போதுமென்றால் இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள மன்னாரிலிருந்து எத்தனையோ பேர் புறப்பட்டிருக்க வேண்டும். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டு இங்கே உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வேலைப்பாட்டுகளில் ஜாஸின் வேர்களில் ஒன்றைக் காண்பவர்கள், அதே கொடுக்கல் வாங்கலை இந்தக் கரையிலும் கேட்கலாம். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடும் குரல்கள் உண்டு. விடிய விடியப் பாடி ஆடும் நாட்டுக்கூத்து உண்டு. ஆனாலும் பேசாலையிலோ தலைமன்னாரிலோ வங்காலையிலோ பிறந்து தொழில்முறை ஜாஸ் மேடையில் பெயர் பெற்ற ஒருவரை நம்மால் சுட்ட முடிவதில்லை.

இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. கேள்வியை வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கலாம். மன்னாரைப் போலவே போர்த்துக்கேயர் ஆண்ட, மன்னாரைப் போலவே கத்தோலிக்கமும் மீன்பிடியும் கலந்த இன்னொரு கரை கோவா. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இந்தியாவின் ஹோட்டல் நடன அரங்குகளுக்கும், பின்னர் பம்பாய்த் திரைப்பட வாத்தியக் குழுக்களுக்கும் அந்தச் சிறு நிலப்பரப்பே கலைஞர்களை அனுப்பியது. ஒரே சாம்ராச்சியமும் ஒரே திருச்சபையும் தொட்ட இரண்டு கரைகள் ஏன் இவ்வளவு விலகிப்போயின?

2. கொலம்பியாவின் இரண்டு வழிகள்

முதலில் கொலம்பியாவைச் சற்றுப் பார்ப்பது உதவும். அங்கே ஜாஸுக்குப் போனவர்கள் ஒரே வழியில் போகவில்லை.

ஒரு வழி ஊர் வாத்தியக் குழுவும் நடன அரங்கும். கரீபியக் கரைப் பகுதியின் சிற்றூர்களில் பித்தளைக் குழல்களும் கிளாரினெட்டும் கொண்ட ஊர்க் குழுக்கள் திருவிழாக்களில் வாசிப்பது வழக்கம். 1912இல் கார்மென் தெ பொலிவாரில் பிறந்த லூச்சோ பெர்மூதெஸ் இராணுவ வாத்தியக் குழுவில் பயின்றவர். போர்ரோ, கும்பியா போன்ற கரையோர நடன இசையை அமெரிக்கப் பெருங்குழு ஜாஸின் அமைப்புக்குள் கொண்டுவந்து, தலைநகரின் மேல்தட்டு அரங்குகளில் ஒலிக்கச் செய்தவர் அவர். அல்மாரியோ அதே கரையின் பிள்ளை. பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய், பிறகு கியூபத் தாளக் கலைஞர் மொங்கோ சந்தமாரியாவின் குழுவுக்கு இசை இயக்குநரானார்.

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறானது. காஸ்தன்யேதா வாசிப்பது கொலம்பியா, வெனிசுவேலா சமவெளிகளின் மாட்டுப்பண்ணை மக்களுடைய ஹார்ப். காதால் கேட்டுக் கையால் கற்கும் வாத்தியம் அது. 1994இல் பதின்ம வயதில் நியூயோர்க் வந்தவர், பாடசாலையில் ட்ரம்பெட் வழியாக ஜாஸைக் கற்றார். இரவில் ஓர் உணவகத்தில் ஹார்ப் வாசித்தார். பகலில் கற்றதை இரவில் தன் வாத்தியத்தில் தேடிப் பார்த்தார். அந்த உணவக வேலையை வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு சுவையான துணுக்காகக் கடந்துபோகின்றன. எனக்கு அதுதான் மையமாகப் படுகிறது. இரவுதோறும் கூலி கிடைக்கும் ஓர் இருக்கை. முன்னால் இருப்பவர்கள் முன்பின் தெரியாதவர்கள்.

3. கோவாவின் பாடசாலை

கோவாவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் போர்த்துக்கேயப் பங்குப் பாடசாலை. பங்குக் கோயிலோடு சேர்ந்த அந்தப் பாடசாலையில் 'மெஸ்த்ரி' எனப்படும் ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஸ்வரம் படிக்கக் கற்பித்தார். பிள்ளை முதலில் வயலினைத் தொடுவதில்லை. எழுதிய தாளைப் பார்த்துக் கையால் தாளம் போட்டு ஸ்வரங்களை வாயால் சொல்லிப் பழக வேண்டும். அது கைவந்த பிறகே வயலின். நோக்கம் வழிபாட்டுக்குப் பாடகர் குழுவை உருவாக்குவதுதான். விளைவு வேறாக இருந்தது: எழுதிய இசையைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக்கூடிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள், சொந்த ஊரில் அந்தத் திறனுக்குக் கூலி இல்லாமல் நின்றார்கள். பிரித்தானிய இந்தியாவின் இராணுவ வாத்தியக் குழுக்கள், மௌனப்பட அரங்குகள், சமஸ்தானங்கள், ஹோட்டல்கள் அவர்களை எடுத்துக்கொண்டன.

1935இல் லியோன் ஆபி என்ற ஆபிரிக்க அமெரிக்க வயலின் கலைஞர் தன் குழுவோடு பம்பாய் தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்தபோது, பக்கத்தில் அமர்ந்து வாசிக்கக் கோவாக்காரர்கள் தயாராக இருந்தார்கள். பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் பம்பாயிலும் பின்னர் கல்கத்தாவிலும் குழு நடத்தி, 1945இல் கல்கத்தாவிலேயே இறந்தார். இவர்களோடும் இவர்களைக் கேட்டும் வளர்ந்தவர்களில் அல்தோனா ஊரின் அந்தோனியோ சேவியர் வாஸ் ஒருவர். சிக் சாக்லேட் என்ற பெயரில் இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் எனப் புகழப்பட்ட ட்ரம்பெட் கலைஞர் அவர்தான். மதுவிலக்கு வந்து பம்பாய் இரவு விடுதிகள் சோர்ந்தபோது இவர்களில் பலர் திரைப்பட ஒலிப்பதிவுக்கூடங்களுக்குப் போனார்கள். இந்த வரலாற்றை நரேஷ் பெர்னாண்டஸ் 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்' என்ற தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆக, ஸ்வரத் தாளைப் படிக்கும் கல்விதான் காரணம் என்று இங்கே முடித்துவிடலாமா? காஸ்தன்யேதாவின் ஹார்ப் அப்படி முடிக்க விடுவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

4. மன்னாரின் அண்ணாவியார்

மன்னாரில் கிறிஸ்தவம் வேரூன்றிய கதை தெரிந்ததுதான். 1544இல் மன்னாரில் மதம் மாறியவர்களை யாழ்ப்பாண அரசன் கொல்வித்தான். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். ஆனால் 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் கதை திசைமாறுகிறது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மாந்தையிலிருந்த மாதா சுரூபம் மடுக் காட்டுக்குள் போனது இந்தக் காலத்தில்தான். 1687இல் யாழ்ப்பாணம் வந்து மறைவாகத் திருச்சபையை மீட்டெடுத்த யோசேப் வாஸ் கோவாவைச் சேர்ந்தவர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னால் வந்து தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிய ஜாக்கோமே கொன்சால்வெஸும் கோவாக்காரரே. கோவாவின் குருமார் மன்னாருக்கு வந்தார்கள். கோவாவின் பாடசாலை வரவில்லை. மாறுவேடத்தில் இரவில் பூசை வைத்தவர்களிடம் ஆர்கனும் ஸ்வரத் தாளும் எப்படி இருக்கும்? 1806இல் பிரித்தானியர் தடைகளை நீக்கும்வரை ஏறத்தாழ 150 ஆண்டுகள் நம்பிக்கையைத் தாங்கி நின்றது பெரும்பாலும் உள்ளூர்ப் பொதுநிலையினரின் வாய்மொழி.

அந்த வாய்மொழி மெலிந்த ஒன்றாக இருக்கவில்லை. கொன்சால்வெஸின் 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் ராகத்தோடு வாசிக்கப்பட்டது. நாட்டுக்கூத்து, மாதோட்டப் பாங்கு என்றும் யாழ்ப்பாணப் பாங்கு என்றும் இரு வழிகளாகச் செழித்தது. விவிலியக் கதையும் புனிதர் சரிதையும் ஐரோப்பிய அரசர் கதையும் விருத்தமாகவும் தருவாகவும் கொச்சகமாகவும் மாறின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த நாடகங்களில் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' (1964), 'மூவிராசர் நாடகம்' (1966), 'ஞானசவுந்தரி நாடகம்' (1967) ஆகியவை மன்னாரின் இந்தச் செல்வத்தை அச்சில் கொண்டுவந்தன. நீண்ட நாடகத்தை ஓரிரவுக்கு அடக்கிச் சுருக்கிய வாசாப்பும் இங்கே உண்டு.

கூத்துப் பழக்கத்தின்போது நடப்பதை இசைக் கண்ணோடு பார்க்க வேண்டும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கையில் இருப்பது கொப்பி. அதில் பாட்டின் சொற்களும் இது விருத்தம், இது தரு என்ற குறிப்பும் மட்டும். மெட்டு அவர் நெஞ்சில். அவர் ஒரு தடவை பாடிக் காட்ட, கூத்தர் வாங்கிப் பாடுவார். கடைசி அடியைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துக்கொள்வார்கள். மத்தளம் அந்த மூச்சுக்குள் ஆட்டத்துக்கு இடம் பண்ணும். கூத்தரின் குரல் கொஞ்சம் இழுத்தால் மத்தளக்காரர் காத்திருப்பார். ராசா வரவுக்கு வேகம் தானாக ஏறும். ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு நகரும் இசை இது. ஜாஸ் மேடையில் தாளக் குழு தனி வாசிப்பவரைத் தாங்குவதற்கும் இதற்கும் உள்ள திறன் ஒற்றுமை சிறியதல்ல.

வேற்றுமை யாரோடு வாசிக்கிறோம் என்பதில் இருக்கிறது. கூத்தர் ஊரவர், பிற்பாட்டும் ஊரவர், பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஊரவர். புனிதரின் திருநாளுக்கோ நேர்த்திக்கோ ஆடும் ஆட்டத்தில் கூலி என்ற பேச்சே பெரிதாக எழுவதில்லை. மாதக்கணக்காகப் பழகி ஓரிரவு ஆடி முடித்தால் மறுநாள் கடலுக்குப் போக வேண்டும். இந்த அமைப்பு கலைக்கு நல்லது. கலையை ஊரின் சொத்தாக வைத்திருக்கிறது. ஆனால் ஒருவரை ஊரிலிருந்து பிய்த்தெடுத்து வேறொரு குழுவில் உட்கார வைக்கும் வழி அதற்குள் இல்லை.

5. நீரிணையைக் கடந்தவர்கள்

துறைமுகம் இருந்தால் ஜாஸ் வரும் என்பது இன்னொரு பழக்கப்பட்ட விளக்கம். நியூ ஓர்லியன்ஸ், கொலம்பியாவின் பாரங்கியா, பம்பாய் எல்லாம் துறைமுகங்கள்தானே என்பார்கள். மன்னாரும் துறைதான். 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரும் முத்துக்குளிப்புக்கு அரபுக் கரையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ஆயிரமாயிரமாக ஆட்கள் வந்து, மணலில் ஒரு தற்காலிக நகரமே எழுந்தது. பருவம் முடிய நகரமும் கலைந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. மதராஸில் ரயிலேறி, கப்பல் மாறி, மறுபடி ரயிலேறிக் கொழும்பில் இறங்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்து நாதஸ்வரக் குழுக்களும் வாய்ப்பாட்டு வித்துவான்களும் யாழ்ப்பாணக் கோயில் திருவிழாக்களுக்கு வந்துபோன வழி இது. ஆனால் தலைமன்னார் இறங்குதுறை பயணி இரவு தங்காத துறை. கப்பலிலிருந்து இறங்கியவர் சுங்கச் சோதனை முடித்து நேரே ரயிலில் ஏறினார். நடன அரங்கு வைக்க அங்கே யாருக்கும் காரணம் இருக்கவில்லை. இசை மன்னார் வழியாகப் போனது, மன்னாரில் நிற்கவில்லை.

அந்த வழியில் நடந்த போக்குவரத்தில்தான் இந்தக் கட்டுரைக்கு மிக வேண்டிய சான்று கிடைக்கிறது. வி. லக்ஷ்மிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்த வயலின் வித்துவான். அவருடைய பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர். 1947இல் பிறந்த சுப்பிரமணியமும் 1950இல் பிறந்த சங்கரும் குழந்தைப் பருவத்தை இலங்கையில் கழித்தவர்கள். 1958 இனக் கலவரத்துக்குப் பிறகு குடும்பம் மதராஸ் திரும்பியது. சங்கர் 1969இல் அமெரிக்கா போய், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையியலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலினைச் சந்தித்ததன் விளைவு, தபேலா ஜாகீர் உசேனும் கடம் விக்கு விநாயகராமும் சேர்ந்த சக்தி குழு. அதன் முதல் இசைத்தட்டு 1975இல் நேரடி நிகழ்ச்சியில் பதிவாகி 1976இல் வெளிவந்தது. 1980களில் நோர்வேயின் சாக்சபோன் கலைஞர் யான் கார்பரெக்கோடு சங்கர் பதிவு செய்தார். மருத்துவம் படித்த சுப்பிரமணியமும் அமெரிக்கா போய், 1980களில் ஜாஸ் வயலினின் மூத்தவரான ஸ்தெஃபான் கிராப்பெல்லியோடு வாசித்தார்.

சக்தி வாசித்தது ஜாஸா என்ற சண்டை பழையது. அதில் நுழைய எனக்கு ஆர்வமில்லை. சங்கர் ஸ்வரத் தாள் மரபில் வளர்ந்தவர் அல்லர், ஆனாலும் அந்த மேடையில் நிற்க முடிந்தது என்பதே இங்கே முக்கியம். கர்நாடகக் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிப்பவர் என்ன செய்கிறார் என்று யோசித்தால் விடை தெரியும். பாடகர் என்ன ராகம் எடுப்பார் என்பது மேடையில்தான் தெரியும். ஒத்திகை கிடையாது. பாடகர் விட்ட இடத்தில் எடுத்து, அவர் போகும் வழியை ஊகித்து, கல்பனாஸ்வரத்தில் பதில் சொல்ல வேண்டும், முடிந்ததும் சன்மானம். முன்பின் பழகாதவரோடு கூலிக்கு உட்கார்ந்து உடனடியாக வாசிக்கும் தொழில் அது. ஜாஸின் தொழில் விதியும் அதுவே; காஸ்தன்யேதா உணவகத்தில் ஹார்ப்போடு உட்கார்ந்த இருக்கையும் அதுவே.

இதே தொழில் வலை யாழ்ப்பாணத்துத் தவிலுக்கும் இருந்தது. 1933இல் இணுவிலில் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களோடு வாசிக்கப் போனதற்கு, கோயிலும் சாதித் தொழில் மரபும் சேர்ந்து பின்னிய ஒரு சந்தை காரணம். மன்னார்க் கூத்தின் மத்தளக்காரருக்கு அப்படி ஒரு சந்தை வாய்க்கவில்லை.

6. கொழும்பிலிருந்து ஒரு குரல்

யொலாண்ட் பவனின் வழி இவை எல்லாவற்றிலும் வேறானது. கொழும்பில் பிறந்து, இளவயதிலேயே அவுஸ்திரேலிய ஜாஸ் தலைவர் கிரேம் பெல்லின் குழுவோடு சுற்றுப்பயணம் பாடி, ஐரோப்பா போனார். 1962இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மூவர் பாட்டுக் குழுவிலிருந்து ஆனி ராஸ் விலகியபோது அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டார்; குழு லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் அண்ட் பவன் ஆயிற்று. ட்ரம்பெட்டும் சாக்சபோனும் வாசித்த தனி வாசிப்புகளைச் சொல்லுக்குச் சொல் பாட்டாக மாற்றி அதிவேகத்தில் பாடும் குழு அது. ஒருவர் தடுக்கினால் மூவரும் விழுவார்கள். 1963 நியூபோர்ட் விழாப் பதிவில் அவரைக் கேட்கலாம். 1972இல் வெளியான வெதர் ரிப்போர்ட் குழுவின் இசைத்தட்டிலும் அவர் குரல் உண்டு.

அவரைத் தமிழ் மரபின் வெற்றியாகவோ இலங்கை ஆன்மாவின் குரலாகவோ காட்ட முயல்வது வீண். ஆங்கிலம் புழங்கும் கொழும்பு, அங்கே வந்துபோன வெளிநாட்டுக் குழுக்கள், அவற்றில் கூலிக்குப் பாட ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வாய்ப்பு: இவைதான் அவருடைய ஏணி. அந்த ஏணியின் கால் மன்னாரில் ஊன்றியிருக்கவில்லை.

7. மறுப்புகள்

முன்பின் தெரியாதவர்களோடு கூலிக்கு வாசிக்கும் ஓர் இருக்கைதான் ஜாஸுக்கு வழி என்ற இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். முதலாவது, 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கை வந்த பிறகு வடக்கில் பாடசாலைகள் பெருகின. அப்போதாவது கோவா போல ஆகியிருக்கலாமே என்பது. ஆங்கிலப் பாடசாலை வடபுலத்துத் தமிழருக்குத் திறந்துவிட்ட கதவு அரசாங்க எழுத்தர் வேலை. பேனா பிடித்தால் ஓய்வூதியம் கிடைக்கும் நாட்டில் மகனை வயலினோடு ஹோட்டலுக்கு அனுப்ப எந்தத் தகப்பனுக்கும் அவசரம் இல்லை. கோவாவின் ஏழைக் குடும்பத்துக்கு அந்த மாற்று எளிதில் கிடைக்கவில்லை. பாடசாலை இருந்ததா என்பதோடு, பாடசாலை எந்தக் கூலிக்கு ஆள் தயாரித்தது என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. போரையும் இடப்பெயர்வையும் விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரம் வழியாகத் தொடர்ந்த கப்பலும் 1980களில் நின்றது. 1990இல் தலைமன்னார் ரயிலும் நின்று 2015இல்தான் மீண்டது. 1990இல் மன்னார் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழர் பலர் படகேறி இராமேஸ்வரம் போயினர். ஒரு தலைமுறையின் இசைக் கல்வி முகாம்களில் கரைந்தது. இது உண்மை. ஆயினும் கொலம்பியாவும் நீண்ட உள்நாட்டுப் போரைச் சந்தித்த நாடு. அதே ஆண்டுகளில் அது ஜாஸ் கலைஞர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. போர் பாதைகளை உடைக்கும். போர் தொடங்கிய 1983க்கு முன்னர் ஏன் பாதை இருக்கவில்லை என்பதற்கு அது விளக்கமாகாது.

8. இருக்கை இப்போது எங்கே

இன்று ஜாஸுக்கான முதல் இருக்கை பெரும்பாலும் கல்விக்கூடத்தில் இருக்கிறது. தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் சிறுவயதில் வயலின் கற்று, பியானோவைப் பெரிதும் தானாகப் பழகியவர். இன்று ஹார்வார்ட் பேராசிரியர். இராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்த கிட்டார் பிரசன்னா, கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசித்துப் பெர்க்லி போனவர். தபேலாக் கலைஞர் நிதின் மித்தாவோடு இருவரும் 2011இல் 'தீர்த்தா' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். ஒருவர் சென்னைக் கச்சேரியின் கேள்வி ஞானத்தோடும், மற்றவர் அமெரிக்க ஜாஸ் பழக்கத்தோடும் வந்து ஒரே மேடையில் அமர்ந்தவர்கள்.

மன்னாரை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? புலம்பெயர்ந்த மன்னார்க் குடும்பத்தின் பிள்ளை டொராண்டோப் பாடசாலை வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் பிடிப்பது, பேசாலையில் இருக்கும் பிள்ளை அதைப் பிடிப்பதைவிட எளிது. அதற்காகக் கூத்துப் பயிற்சியை ஜாஸுக்கான ஆரம்ப வகுப்பாக மாற்றச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கூத்தை அவமதிப்பது. மன்னார் இசையைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வு பெரும்பாலும் நாடகப் பிரதியையும் பாங்குகளையும் சுற்றியே நிற்கிறது. இசைக் கலைஞரின் தொழில் வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளை இனியாவது கேட்கலாம்: ஒரு திருநாள் இரவுக்கு மத்தளக்காரருக்கு என்ன கிடைக்கிறது, பக்கத்து ஊர்க் கூத்துக்கு அவரைக் கூப்பிடுகிறார்களா, கோயில் பாடகர் குழுவில் கீபோட் வாசிக்கும் பிள்ளை கலியாண வீட்டுக்கும் கூலிக்கு வாசிக்கிறதா, அப்படி வாசித்த பிள்ளைகள் ஐந்து வருடத்துக்குப் பிறகு எங்கே இருக்கிறார்கள்.